புத்தியின் பலன் யாருக்கு?

மேற்கு மாம்பலம் என்றால் முன்னாளில் சென்னை நகரவாசிகளின் நினைவுக்கு முதலில் வந்தவை கொசுவும் யானைக்கால் வியாதியுமே. ரயில் பாதைக்குக் கிழக்கே தியாகராய நகர் விசாலமான வீதிகளும் பூங்காக்களுமாக எழும்பிய காலத்தில், பாதைக்கு மேற்கே இருந்தவர்கள் தேங்கிய நீருக்கும் திறந்த சாக்கடைக்கும் நடுவே குடித்தனம் செய்து வந்தார்கள். அந்த அபகீர்த்தி இப்போது பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது. வடிகால் வசதி ஏற்பட்டது ஒரு காரணம். யானைக்காலை உண்டாக்கும் கிருமிகளை இரத்தத்திலேயே அழிக்கும் ஒரு மாத்திரை ஏற்பட்டது மற்றொரு காரணம். டைஎத்தில்கார்பமசைன் என்பது அதன் பெயர். யானைக்கால் ஒழிப்பு இயக்கத்தில் சர்க்கார் ஊழியர்கள் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த மாத்திரை அதுவே.

அதை விழுங்கியவர்களில் எத்தனை பேருக்கு அதைத் தந்தவர் யார் என்று தெரியும்? 1895-ம் வருஷம் பீமாவரத்தில் பிறந்து, சென்னையில் கல்வி கற்ற எல்லாப்பிரகட சுப்பராவ் என்ற தேசபக்தரின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பலன் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, காந்தியடிகளின் அழைப்புக்கு இணங்கிக் கதர் அங்கியுடன் இரண சிகிச்சை வகுப்புக்குப் போனவர் அவர். அதனால் ஆசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப்பட்டம் பெறாமல் அதற்குக் கீழ்ப்பட்ட பட்டத்துடன் வெளியேற நேர்ந்தது. 1923-ல் அமெரிக்கா சென்றார். அங்கே லெடர்லி ஆராய்ச்சிச் சாலையில், புற்றுநோய்க்கு இன்றும் வழங்கும் மெத்தோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகள் பிறப்பதற்கு அவரே வழிகாட்டியாக இருந்தார். தம் பெயரை முன்னிறுத்திக்கொள்ள அறியாத அந்த மனிதர் 1948-ல் அந்நிய மண்ணிலேயே உயிர் நீத்தார். வியாதி நீங்கிய தெருக்களில் இன்று அவர் பெயரைச் சொன்னால், "யார் அவர்?" என்று கேட்பவர்களே அதிகம்.

கண்டுபிடித்தவனை மறப்பது ஒரு குறை. கண்டுபிடித்தவனுக்குச் சட்டம் என்ன பாத்தியதை அளித்திருக்கிறது என்பதை அவனே அறியாமலிருப்பது அதனினும் பெரிய குறை. மாம்பலம் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் சைதாப்பேட்டைக்கு அடுத்தது கிண்டி. அங்கே ஜி.எஸ்.டி. சாலையில் அறிவுச்சொத்து அலுவலகம் இருக்கிறது. புதிய யந்திரங்களுக்குக் காப்புரிமை கோரும் விண்ணப்பங்களும், வியாபாரச் சின்னங்களைப் பதிவு செய்யும் விண்ணப்பங்களும் அங்கே பரிசீலிக்கப்படுகின்றன. தேச முழுவதற்கும் பொதுவான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் 2003-ம் வருஷம் முதல் சென்னையிலேயே இருந்து வருகிறது. டார்ஜிலிங் தேயிலைக்கார்கூடத் தங்கள் உரிமைக்கு நம் நகரத்தையே நாடி வந்தார்கள். வாசலில் கிணறு இருக்க, நம்மவர்கள் தாகத்தோடு இருக்கிறார்கள்.

கண்டுபிடிப்பு என்பது மேனாட்டுப் பட்டதாரிகளுக்கே உரிய வித்தை என்ற எண்ணம் நம் ஜனங்களிடம் ஊறிக் கிடக்கிறது. இது அடிமைக் காலத்தின் எச்சம். மின்சார சவரக் கருவி முதலாகப் பல யந்திரங்களை ஆக்கிய கோயமுத்தூர் ஜி.டி. நாயுடு, கலாசாலைப் படிப்பில்லாத விவசாயிக் குடும்பத்துப் பிள்ளை. நம் வீட்டுப் பெண்மக்களின் தோள்வலியைத் தீர்த்த மாவரைக்கும் கிரைண்டரை 1955-ல் அமைத்தவர் அதே கோயமுத்தூரைச் சேர்ந்த பி. சபாபதி. பெண்களின் மாதவிலக்குத் துணியை மலிவாகச் செய்யும் யந்திரத்தை அமைத்த அருணாசலம் முருகானந்தம், தறிக்காரர் வீட்டில் பிறந்து பள்ளிப்படிப்பை நடுவில் விட்டவர். அவர் தம் யந்திரத்தைப் பெருங்கம்பெனிகளுக்கு விற்காமல் பெண்களின் சுயஉதவிக் குழுக்களுக்கே கொடுத்து வந்தார். 2016-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சென்னை ராணி மேரிக் கல்லூரியில் படித்த ஜானகி அம்மாள், கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சியில் பெரும் பங்கு கொண்ட தாவர சாஸ்திரி. மாம்பலத்து வீதி முனைகளில் கரி நெருப்புப் பெட்டியுடன் நிற்கும் இஸ்திரி வண்டியைச் சூரிய ஒளியின் சக்தியால் இயக்கலாம் என்று திட்டம் வகுத்து 2020-ல் உலகப் பரிசு பெற்றவர், திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர். ஆணென்றும் பெண்ணென்றும், படித்தவரென்றும் பாமரரென்றும் புத்தி பேதம் பாராட்டுவதில்லை. பேதம் பாராட்டுவது நாமே.

இனி, சட்டத்தின் சங்கதியைப் பார்ப்போம். நம் தேசத்தில் இவ்விஷயமான முதற்சட்டம் 1856-ம் வருஷத்தியது. அதன்கீழ் முதன்முதலில் தனியுரிமை பெற்றவர் கல்கத்தாவிலிருந்த டிபென்னிங் என்ற எஞ்சினீயர். எதற்காக? துரைமார்களின் அறைகளில் பங்கா இழுக்கும் யந்திரத்துக்காக! வெயிலில் உட்கார்ந்து கயிறு இழுத்த ஏழையின் வேலையைப் பற்றிய யந்திரம் அது. அந்த ஏழைக்கு அதில் ஒரு பாத்தியதையும் இல்லை. நம் தேசத்துக் காப்புரிமையின் வரலாறு இவ்விதமாகத்தான் ஆரம்பமாயிற்று.

காப்புரிமை என்பது சர்க்கார் கொடுக்கும் வெகுமதி அல்ல; அது ஓர் ஒப்பந்தம். கண்டுபிடித்தவர் தம் இரகசியத்தை, அத்துறை அறிந்த மற்றொருவர் அப்படியே செய்துகொள்ளக்கூடிய விதத்தில், ஒளிவு மறைவின்றி எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்குப் பிரதியாக, விண்ணப்ப தேதியிலிருந்து 20 வருஷங்களுக்கு, அவருடைய அனுமதியின்றி மற்றவர்கள் அதைச் செய்யவோ விற்கவோ கூடாதென்று சட்டம் தடுக்கிறது. தவணை தீர்ந்ததும் அது பொதுச் சொத்தாகிவிடும். பொருள் புதிதாக இருக்க வேண்டும். அத்துறையினர் எவருக்கும் எளிதில் தோன்றாத ஒரு படி முன்னேற்றம் அதில் இருக்க வேண்டும். தொழிலுக்குப் பயன்பட வேண்டும். இம்மூன்றும் இல்லாவிடில் காப்புரிமை இல்லை.

மேற்கு மாம்பலத்தில் ஒரு சிறு பட்டறை வைத்திருக்கும் தொழிலாளி, அப்பளம் இடுவதற்கு ஒரு நூதன யந்திரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் செய்வது என்ன? சந்தோஷ மிகுதியால் அக்கம்பக்கத்தாரை அழைத்துக் காட்டுகிறார். கைப்பேசியில் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்புகிறார். ஒரு வியாபாரிக்கு விற்றும் விடுகிறார். அந்தோ! அந்தக் கணமே அவருடைய யந்திரம் சட்டத்தின் கண்ணில் பழையதாகிவிட்டது. மறுவருஷம் முதலாளி ஒருவர் ஆயிரம் யந்திரம் செய்து விற்றால், நம் தொழிலாளி வேடிக்கை பார்க்கத்தான் முடியும். ஆகையால், வெளியிடுவதற்கு முன் விண்ணப்பம் செய்ய வேண்டும் என்பதே முதற்பாடம். யந்திரம் முழுதும் செப்பமாகும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. முதலில் ஒரு தற்காலிக விவரணத்தைக் கொடுத்துத் தேதியைக் காப்பாற்றிக்கொண்டு, 12 மாதத்துக்குள் முழு விவரணத்தைக் கொடுக்கலாம். தனி மனிதர் செலுத்தும் விண்ணப்பக் கட்டணம் பெருங்கம்பெனிகள் செலுத்துவதில் ஐந்திலொரு பங்கே. இந்தச் சலுகையை எழுதி வைத்த சட்டம், அதை ஏழையின் காதில் போட ஆள் வைக்கவில்லை. அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

எல்லாப் பொருளுக்கும் காப்புரிமை பொருந்தாது. வீட்டில் ஊறுகாயும் சாம்பார்ப் பொடியும் செய்து விற்கும் அம்மாளுக்கு, பொருள்களைக் கலந்த மாத்திரத்தால் காப்புரிமை கிடைக்காது. ஆனால் அவர் தம் கடைப் பெயரையும் சின்னத்தையும் பதிவு செய்துகொள்ளலாம். அது 10 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து எந்நாளும் வைத்துக்கொள்ளக்கூடிய உரிமை. நூலுக்கும் பாட்டுக்கும் உள்ள பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதற்குப்பின் 60 வருஷத்துக்கும் செல்லும். புவிசார் குறியீடோ தனி மனிதருக்குரியதல்ல, ஊராருக்குரியது. காஞ்சீபுரம் பட்டு, கோயமுத்தூர் கிரைண்டர், மதுரை மல்லி, திண்டுக்கல் பூட்டு, பழனிப் பஞ்சாமிர்தம் ஆகியவை இப்பதிவைப் பெற்றிருக்கின்றன. வேற்றூரில் நெய்த சேலையைக் காஞ்சீபுரம் என்று சொல்லி விற்பது இனி வெறும் பொய் மட்டுமல்ல, சட்ட விரோதமுமாகும்.

இவ்விடத்தில் தேசபக்தர்கள் சிலர் ஓர் ஆட்சேபம் சொல்வதுண்டு. "ஞானத்துக்கு வேலி போடலாமா? நம் முன்னோர் அறிவை விற்றார்களா?" என்பது அவர்கள் கேள்வி. ஆசாரியர் ஜகதீச சந்திர வஸுவும் இதே மனப்பான்மை உடையவரே. காப்புரிமையில் அவருக்கு விருப்பமில்லை. நண்பர்களின் வற்புறுத்தலுக்கு இணங்கவே 1901-ல் அமெரிக்காவில் விண்ணப்பம் செய்தார். 1904-ல் அவருடைய மின்னலை உணர்கருவிக்கு உரிமை கிடைத்தது. அவருடைய தியாக புத்தியை நாம் வணங்குகிறோம். ஆயினும் ஒரு சந்தேகத்தைக் கேளாதிருக்க முடியவில்லை. நாம் வேலி போடாத தோட்டத்தில் பிறர் வந்து வேலி போட்டுக்கொண்டால் என்ன செய்வது?

அப்படியே நடந்தது. 1995-ல் அமெரிக்காவில், மஞ்சளால் புண் ஆற்றுவதற்குக் காப்புரிமை கொடுத்தார்கள். நம் பாட்டிமார்கள் அடுக்களையில் செய்யும் வைத்தியம், கடல் கடந்து ஒருவருடைய தனிச்சொத்தாயிற்று! நமது விஞ்ஞானத் தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய சாஸ்திர நூல்களையும் அச்சேறிய ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் காட்டி வாதாடிய பிறகு, 1997-ல் அந்த உரிமை ரத்தாயிற்று. வேம்பின்மீது ஐரோப்பாவில் கொடுத்த உரிமையை ஒழிப்பதற்கு 2005 வரை போராட வேண்டியிருந்தது. பாட்டியின் சொல் அங்கே சாட்சியாகாது, எழுத்தே சாட்சி. இதை உணர்ந்துதான் சித்த வைத்தியம், ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றின் முறைகளை ஐந்து அந்நிய பாஷைகளில் தொகுத்து வைக்கும் வேலை 2001-ல் தொடங்கியது. நம் வீடுகளிலுள்ள ஓலைச்சுவடிகளைக் கறையானுக்குக் கொடுப்பவர்கள், பிறர் வாதத்துக்குத் துணை செய்கிறார்கள் என்றே நாம் சொல்லுவோம்.

மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. உரிமை அளவு மீறினால் ஏகபோகமாகும். ஏகபோகம் ஏழையின் உயிரை வாங்கும். சுதந்திரம் வந்த பிறகும் நம் தேசத்துக் காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை அந்நியர் கையிலேயே இருந்தன என்றும், அவற்றில் மிகப் பெரும்பாலானவை இங்கே தொழிலில் உபயோகப்படுத்தப்படவே இல்லை என்றும் 1959-ல் எடுத்துக் காட்டியவர், சென்னை ஹைகோர்ட்டு நீதிபதி ராஜகோபாலய்யங்கார். அவருடைய அறிக்கையின்மேல் எழுந்ததே 1970-ம் வருஷத்துச் சட்டம். மருந்துப் பொருளுக்கே உரிமையில்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டும் குறுகிய கால உரிமை உண்டு என்று அது விதித்தது. அதன் நிழலில்தான் நமது மருந்துத் தொழில் வளர்ந்தது. 2001-ல் எய்ட்ஸ் நோய்க்கான கூட்டு மருந்தை, மேனாட்டில் வருஷத்துக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் விற்றபோது, 350 டாலருக்குக் கொடுக்க முன்வந்தது பம்பாயைச் சேர்ந்த ஸிப்லா.

உலக வர்த்தக ஒப்பந்தத்தினால் 2005 முதல் மருந்துகளுக்கும் முழு உரிமை கொடுக்க வேண்டி வந்தது. அப்போதும், பழைய மருந்தைச் சிறிது மாற்றி மறுபடி உரிமை கோருவதைத் தடுக்கும் 3(டி) பிரிவை நமது பார்லிமெண்ட் வைத்தது. இரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் என்ற மருந்துக்கு நோவார்ட்டிஸ் கம்பெனி செய்த விண்ணப்பத்தை இப்பிரிவைக் காட்டி 2006-ல் நிராகரித்தது எந்த ஆபீஸ்? நமது சென்னை ஆபீஸே! அப்பிரிவு செல்லுமென்று 2007-ல் தீர்ப்பளித்தது நமது சென்னை ஹைகோர்ட்டே. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு கம்பெனியின் அப்பீலைத் தள்ளியது. அதற்கு முந்தின வருஷம், மாதத்துக்குச் சுமார் 2,80,000 ரூபாய் விலையிட்டிருந்த மற்றொரு புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்குச் செய்து விற்க, ஓர் இந்தியக் கம்பெனிக்குக் கட்டாய லைசென்ஸ் அளிக்கப்பட்டது.

ஆக, இரண்டும் வேண்டும். உழைத்தவனுக்குப் பலன் கிடைக்க வேண்டும். பலன் ஒருவனுடைய பெட்டியில் நிரந்தரமாகப் பூட்டிக் கிடக்கலாகாது. இதற்கு நம் தமிழ்நாடே ஒரு வழி காட்டியிருக்கிறது. 1921-ல் வறுமையில் மறைந்த பாரதியாரின் பாடல்கள் பல கை மாறின. அவற்றை இசைத்தட்டிலும் படத்திலும் பாடும் உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. தேசத்தின் குரல் தேசத்துக்கே உரியது என்று ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1949-ல் சென்னை சர்க்கார் அவ்வுரிமையை ஏற்று, பின்னர் பொதுமக்களுக்கே விட்டது. பாடியவர் குடும்பம் பட்டினி கிடக்கப் பாட்டு மட்டும் வாழ்வது நியாயமல்ல. பாட்டு ஒருவருடைய கடைச் சரக்காவதும் நியாயமல்ல என்ற இரண்டு பாடங்களும் அந்த ஒரு சரித்திரத்தில் இருக்கின்றன.

இப்போது செய்ய வேண்டியது என்ன? தேச ஊழியர்கள் வோட்டுக் கேட்கும் நாளில் மட்டும் பட்டறைகளுக்குப் போனால் போதாது. ஒவ்வொரு வட்டாரத்திலும் வாசகசாலையில் மாதம் ஒருநாள், விஷயம் தெரிந்த வக்கீல் ஒருவர் உட்கார்ந்து, தொழிலாளிகளுக்குத் தமிழில் விளக்கம் சொல்ல ஏற்பாடு செய்யலாம். தொழிற்பள்ளிகளில் உளி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும்போதே, உரிமையைப் பிடிக்கவும் கற்றுக்கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோதான் எழுத வேண்டும் என்ற விதி தமிழ்த் தொழிலாளியின் கழுத்தில் கட்டிய கல். அதை அவிழ்க்கும்படி நம் பிரதிநிதிகள் பார்லிமெண்டில் வாதாட வேண்டும். பள்ளிப் புத்தகங்களில் எடிஸனுக்குப் பக்கத்தில் சுப்பராவும் சபாபதியும் முருகானந்தமும் இடம்பெற வேண்டும்.

அயோத்தியா மண்டபத்திலிருந்து கிண்டி அதிக தூரமல்ல. அறியாமை ஒன்றே அதைத் தூரமாக்கி வைத்திருக்கிறது. இன்று நம் தெருவில் ஓர் இருண்ட பட்டறையில் யாரோ ஒருவர், ஊராரின் ஒரு கஷ்டத்தைத் தீர்க்கும் கருவிக்கு அரம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் அதை வெளியே கொண்டுவருவதற்கு முன் நம்மில் ஒருவர் அவரிடம் போய்ச் சேர்ந்தாரானால், நமது எழுத்து வீண்போகவில்லை என்று கொள்வோம்.