ஞாயிற்றுக்கிழமை மட்டன்: குற்றவாளி கறியா, கரண்டியா?

"இனிமே ஆட்டுக்கறியே கூடாது!" டாக்டர் இப்படிச் சொல்லிவிட்டால் ஒரு வீட்டில் என்ன நடக்கும்? முதல் ஞாயிறு சாம்பார். இரண்டாவது ஞாயிறு முட்டைக் குழம்பு. மூன்றாவது ஞாயிறு, ‘ஒரே ஒரு தடவைதானே’ என்று கறிப் பை உள்ளே வந்துவிடும். அதுவும் வழக்கத்தைவிட ஒரு கரண்டி எண்ணெய் கூடுதலாக! ஏங்கிக் கிடந்த நாக்கு இல்லையா?

விருத்தாசலத்தில் என் சித்தப்பா வீட்டில் இதுதான் நடந்தது. பீங்கான் பொம்மைக்கும் ஃப்யூஸ் கட்டைக்கும் பேர்போன ஊர். சித்தப்பா முப்பது வருஷம் பீங்கான் சூளைப் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவர். வேர்த்துக் கொட்டிய காலத்தில் எதைச் சாப்பிட்டாலும் செரித்தது. ஓய்வு பெற்ற பிறகு நடமாட்டம் குறைந்தது; தட்டில் விழுவது குறையவில்லை. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்தது. மட்டனுக்குத் தடை!

"ஏம்ப்பா, நீதான் உடம்பு விஷயமெல்லாம் எழுதறியே... கறி அவ்வளவு விஷமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நாம் ‘மட்டன்’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோமே, அது ஒரு பிராணி அல்ல, இரண்டு. வெள்ளாடு ஒன்று, செம்மறி ஒன்று. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவுச் சத்துப் பட்டியலைப் பாருங்கள். 100 கிராம் கொழுப்பு நீக்கிய வெள்ளாட்டுக் கறியில் புரதம் 21.4 கிராம், கொழுப்பு 3.6 கிராம், 118 கலோரி. அதே 100 கிராம் செம்மறிக் கறியில் புரதம் 18.5, கொழுப்பு 13.3, கலோரி 194. கொழுப்பு மூன்றரை மடங்குக்கு மேல்!

இதற்குக் காரணம் அந்தந்தப் பிராணியின் உடல்வாகு. வெள்ளாடு தன் கொழுப்பைப் பெரும்பாலும் வயிற்றுக்குள், குடலையும் சிறுநீரகத்தையும் சுற்றிச் சேர்த்து வைக்கும். அதைக் கையால் அப்படியே உரித்து எடுத்துவிடலாம். செம்மறியோ தோலுக்கு அடியிலும், சதைக்கு நடுவிலும் சேர்த்து வைக்கும். கறியோடு கறியாகக் கலந்திருப்பதை எந்தக் கத்தியாலும் முழுசாக எடுக்க முடியாது.

உலகத்தில் மற்றவர்களும் இப்படிக் கொழுப்புக் குறைந்த கறியைக் கண்டுபிடித்துத்தான் வைத்திருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் ஆண்டிஸ் மலைமேல் பெரு, பொலிவியா நாடுகளில் ‘லாமா’ என்று ஒரு மிருகம் உண்டு. ஒட்டகத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. முதுகில் திமில் கிடையாது. மூட்டை சுமக்கும், கம்பளி கொடுக்கும், கடைசியில் குழம்புக்கும் ஆகும். ஐக்கிய நாடுகள் சபை 2024-ஆம் ஆண்டை ஒட்டக இனங்களின் ஆண்டு என்று அறிவித்ததே, அதில் லாமாவும் சேர்த்திதான். புரதம் நிறைந்த, கொழுப்புக் குறைந்த கறி என்று இப்போது வெளிநாட்டில் அதைக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அதற்காக விமானம் ஏற வேண்டாம். முந்திரித் தோப்பு ஓரம் வேலித் தழையை எட்டி எட்டிக் கடித்துக்கொண்டு நிற்கிறதே, அந்த வெள்ளாடு போதும்.

சரி, வெள்ளாட்டுக் கறியிலேயே கொழுப்பு இவ்வளவு குறைவு என்றால் சித்தப்பாவுக்கு ஏன் கொலஸ்ட்ரால் ஏறியது? அவர் வீட்டில் வாங்குவது வெள்ளாடுதான். சித்தி அதில் கறார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியிலேயே போய் உட்கார்ந்துவிட்டேன்.

சித்தி எப்போதும்போல் சமைத்தார். நான் அளந்து எழுதிக்கொண்டேன். முக்கால் கிலோ கறி. எலும்பு போக அரைக்கிலோ சதை என்று வைத்துக்கொள்ளலாம். அதில் உள்ள கொழுப்பு 18 கிராம். வாணலியில் எண்ணெய் இரண்டு குழிக்கரண்டி. அளந்து பார்த்தால் 90 மில்லி, அதாவது 80 கிராமுக்கு மேல் கொழுப்பு! அரை மூடித் தேங்காய், சுமார் 100 கிராம், அரைத்து விட்டார்: அதில் 41 கிராம். விருத்தாசலம் முந்திரிச் சீமை அல்லவா, குழம்பு கெட்டியாக ஒரு கைப்பிடி முந்திரியும் போனது: அது ஒரு 12 கிராம்.

கூட்டிப் பாருங்கள். சட்டியில் மொத்தம் 150 கிராமுக்கு மேல் கொழுப்பு. அதில் ஆடு கொண்டு வந்தது 18 கிராம்தான், எட்டில் ஒரு பங்குகூட இல்லை. பாக்கி முழுக்க நம் கைவரிசை!

"ஐயய்யோ, இத்தனை வருஷமா ஆட்டுமேல பழியைப் போட்டுட்டோமே!" என்றார் சித்தி.

இதில் எண்ணெயைவிடத் தேங்காய் கொஞ்சம் கவனிக்க வேண்டியது. தேங்காய்க் கொழுப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. ரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றுவதில் உணவில் உள்ள கொலஸ்ட்ராலைவிட இந்த நிறைவுற்ற கொழுப்புக்குத்தான் பெரிய பங்கு. முந்திரியில் இருப்பது பெரும்பாலும் நல்ல வகைக் கொழுப்பு. ஆனால் நல்லதோ கெட்டதோ, கலோரி கலோரிதான். தொப்பைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

அப்போ எப்படிச் சமைப்பது? கடையிலிருந்தே ஆரம்பிக்க வேண்டும். கறிக்கடை பாயிடம் "ஒரு கிலோ போடுங்க" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்காதீர்கள். "வெள்ளாடுதானே பாய்? தொடைக்கறியா போடுங்க, கொழுப்பு வேணாம்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். தொங்கும் உடலில் வாலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வெள்ளாட்டு வால் குட்டையாக, மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும். நெஞ்செலும்பு ருசிதான், ஆனால் கொழுப்பு அங்கே கூடுதல். எடை சரிக்கட்டக் கடைசியில் ஒரு வெள்ளைக் கட்டி விழும் பாருங்கள், அதை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொழுப்புக் குறைந்த கறிக்கு ஒரு குணம் உண்டு: அவசரப்படுத்தினால் முறைத்துக்கொள்ளும். பெரிய தீயில் வறுத்தால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். அதனால் தண்ணீரில் நிதானமாக வேக வேண்டும். இஞ்சி, மஞ்சள்தூள், கொஞ்சம் உப்பு சேர்த்துக் குக்கரில் ஐந்து விசில். கறி முற்றல் என்று தோன்றினால் பப்பாளிக் காயை அரைத்து ஒரு ஸ்பூன் பிசறி அரை மணி நேரம் வையுங்கள். அதில் உள்ள நொதி சதையை இளக்கிவிடும். தயிர், எலுமிச்சை பிசறுவதானால் எவர்சில்வர் அல்லது கண்ணாடிப் பாத்திரம் உத்தமம். அலங்காரத்துக்கு வாங்கிய வண்ணப் பீங்கான் கிண்ணம் வேண்டாம். எந்த ஊர் பீங்கானாக இருந்தாலும் சரி, சாப்பாட்டுக்கென்று செய்யப்படாத வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கலாம். புளிப்பு பட்டால் அது இறங்கும்.

மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, காய்ந்த மிளகாய் - எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் வறுத்து அரையுங்கள். தேங்காய்க்குப் பதில் இரண்டு ஸ்பூன் பொட்டுக்கடலை. குழம்பு தானாகக் கெட்டிப்படும். தாளிக்க நாலு டீஸ்பூன் எண்ணெய், அதாவது 20 மில்லி. சின்ன வெங்காயத்தை மட்டும் தாராளமாகப் போடுங்கள். எண்ணெய் குறைந்த குறையை நாக்குக்குத் தெரியாமல் மறைப்பது அதுதான். முருங்கைக்காய், கத்தரிக்காய், மொச்சை எது வீட்டில் இருக்கிறதோ சேர்த்தால் அரைக்கிலோ கறி ஆறு பேருக்கு வரும். விலைவாசிக்கும் அது நல்லது!

இப்படிச் செய்தபோது சட்டியில் மொத்தக் கொழுப்பு 40 கிராமுக்குள் அடங்கிவிட்டது. முதல் வாரம் சித்தப்பா "என்ன, ஆஸ்பத்திரி குழம்பா?" என்று முகம் சுளித்தார். மூன்றாவது வாரம் எதுவும் சொல்லாமல் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டார்.

ஆனால் அன்றைக்கு என் கண்ணில் பட்டது இன்னொரு விஷயம். அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்கக் கூடாது.

எல்லோருக்கும் பரிமாறி முடித்துக் கடைசியில் சித்தி உட்கார்ந்தார். சட்டியில் இருந்தது குழம்பும் இரண்டு எலும்பும்தான். "எனக்குக் குழம்பு போதும்ப்பா" என்றார். உங்கள் வீட்டிலும் ஒருத்தர் இப்படிச் சொல்வார், இல்லையா? அந்தச் சித்திக்கு ஹீமோகுளோபின் 8.6! பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 2019-21-இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சித்தி அந்த வயதைத் தாண்டியவர். குறை மட்டும் அவரைத் தாண்டவில்லை.

கறியில் இருக்கும் இரும்புச்சத்து, கீரையில் இருப்பதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். அது மட்டுமல்ல, கூடச் சாப்பிடும் கீரை, பருப்பில் உள்ள இரும்பையும் உடம்பு ஏற்றுக்கொள்ளத் துணை செய்யும். மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் சொன்னது; ஆணுக்கு 19 போதும். ஆக, யாருக்குத் துண்டு அதிகம் தேவையோ அவருக்குக் குழம்பு. யார் குறைக்க வேண்டுமோ அவருக்குத் துண்டு! சித்தி தட்டில் முதலிலேயே நாலு துண்டு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன். சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் பழக்கத்தையும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடச் சொன்னேன். காபியும் டீயும் இரும்பு சேருவதைத் தடுக்கும். 8.6-க்குக் கறி மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும். காரணம் என்ன என்று டாக்டரும் பார்க்க வேண்டும். பார்க்கிறார்கள்.

ஈரல்? இரும்புக்கு ஈரலும் மண்ணீரலும், அதாவது நம் ‘சுவரொட்டி’யும், நல்லவைதான். ஆனால் ஈரலில் கொலஸ்ட்ரால் கறியைப்போலப் பல மடங்கு. மூளை வறுவலை நினைக்கவே வேண்டாம். 100 கிராமில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல். சித்தப்பா போன்றவர்கள் இரண்டையும் மறந்துவிடலாம். யூரிக் அமிலம் கூடியவர்களுக்கும் ஈரல் ஆகாது. கர்ப்பிணிகளுக்கு? ‘ரத்தம் ஊறும்’ என்று பாட்டிமார் கொடுப்பார்கள். ஈரலில் வைட்டமின் ஏ மிதமிஞ்சி இருப்பதால் பிரிட்டனில் கர்ப்பிணிகளைச் சாப்பிடவே வேண்டாம் என்கிறார்கள். டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

சித்தி வீட்டுப் பரணில் ஒரு பீங்கான் ஜாடி. உள்ளே உப்புக்கண்டம். கறியை உப்பும் மஞ்சளும் தடவி நூலில் கோத்து வெயிலில் காயவைத்தது. ஆண்டிஸ் மலைக்காரர்களும் லாமாக் கறியை இதே மாதிரி உப்பிட்டு உலர்த்தி ‘சார்க்கி’ என்பார்கள். அமெரிக்கர்களின் ‘ஜெர்க்கி’ என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். ருசியில் குறை சொல்ல முடியாது. கொழுப்பும் குறைவு. ஆனால் உப்பு! ஒரு நாள் முழுக்க 5 கிராம் உப்புக்குள் அடங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம் உள்ளவருக்கு நாலு துண்டு உப்புக்கண்டமே வினையாகிவிடும். தவிர, உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்று அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் அறிவித்திருக்கிறது. என்றைக்கோ ஒரு நாள், தொட்டுக்கொள்ள ஒரு துண்டு என்றால் சரி.

கொழுப்புக் குறைவு என்பதால் தினம் தினம் கறி என்று கிளம்பிவிடாதீர்கள். வெள்ளாடும் சிவப்புக் கறிதான். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் சொல்லும் எல்லை, வாரத்துக்குச் சமைத்த கறி 350 முதல் 500 கிராமுக்குள். நம் ஞாயிற்றுக்கிழமை கணக்கு அதற்குள் தாராளமாக அடங்கும். கிருத்திகை, வெள்ளி, புரட்டாசி என்று பாட்டன் காலத்திலேயே பாதி வருஷத்தைக் கழித்துவிட்டார்கள்! புரதத்துக்கு மட்டும் என்றால் தோல் நீக்கிய கோழி விலையும் குறைவு, கொழுப்பும் இன்னும் குறைவு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் எந்தக் கறியானாலும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மீந்த குழம்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே வெள்ளையாக ஆடை கட்டியிருக்கும். அதை ஸ்பூனால் வழித்து எறிந்துவிட்டுச் சூடு பண்ணுங்கள். முன்பெல்லாம் சித்தி வழித்தால் அரைக் கிண்ணம் தேறுமாம். போன வாரம் ஒரு ஸ்பூன்கூட வரவில்லை என்று போன் செய்தார். சித்தப்பாவுக்கு அடுத்த ரத்தப் பரிசோதனை பொங்கல் கழித்து. சித்திக்கும் சேர்த்தே எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.