எரிமலைக்குள்ள வானத்துத் துகள்

எரிமலைக் குழம்பு எதிலிருந்து வந்ததுன்னு உள்ளே இறங்கிப் பார்க்க முடியாது. பாறைதான் நமக்கு லாக் ஃபைல்.

நிகரகுவாவில் செர்ரோ நீக்ரோன்னு ஒரு எரிமலை. அதோட லாவாவில் பெரிலியம்-10 இருக்கு. இது பூமிக்குள்ள உருவாகிற சரக்கே இல்லை. காஸ்மிக் கதிர்கள் காற்றில் இருக்கிற நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களை உடைக்கும்போது உருவாகி, மழையோட இறங்கி, கடலடிச் சேற்றில் படியுது. அரைவாழ்வு சுமார் 14 லட்சம் வருஷம்.

அப்போ லாவாவுக்குள்ள எப்படி? கோகோஸ் தட்டு மத்திய அமெரிக்காவுக்கு அடியில் இறங்குது, சேறும் கூடவே போகுது. தட்டே மொத்தமா உருகி மேலே வருதுன்னு நினைச்சுடாதீங்க. அதிலிருந்து பிரியற தண்ணி, மேலே இருக்கிற மேன்டில் பாறையோட உருகுநிலையைக் குறைக்குது. குல்ஃபி வண்டிக்காரர் ஐஸ்ல உப்பு போடறாரே, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு. சேற்றில் இருந்த பெரிலியமும் அந்தக் குழம்பில் கலந்துடுது.

இதுல எனக்குப் பிடிச்சது கடிகாரம்தான். ஒரு கோடி வருஷத்துக்கு மேல ஆகியிருந்தா பெரிலியம்-10 கிட்டத்தட்ட முழுசா சிதைஞ்சிருக்கும். இன்னும் அளக்க முடியுதுன்னா, சேறு கீழே போய்த் திரும்பினது அதுக்குள்ளதான். தட்டு இறங்காத ஹவாய் லாவாவில் இது ஏறக்குறைய இல்லவே இல்லை.

ஆனா பக்கத்து கோஸ்டாரிகாவில் அதே தட்டுதான் இறங்குது, பெரிலியம்-10 ரொம்பக் கம்மி. மேல்படிவு கரையோரமே வழிச்சு ஒட்டிக்குதா, இல்ல வேற காரணமான்னு வாதம் ஓடிட்டிருக்கு.