வகுப்பறைச் சுவரில் ஒரு தொலைபேசி

அமெரிக்கப் பள்ளிகளில் வகுப்பறைக் கதவருகே, நின்றபடி பேசும் உயரத்தில், ஒரு தொலைபேசி மாட்டியிருப்பதைப் பரவலாகக் காணலாம். அதற்கு முன்னால் அலுவலகத்தோடு பேச உதவியவை சுவரில் ஒரு பொத்தானும் கூரையில் ஓர் ஒலிபெருக்கியும். பொத்தானை அழுத்தினால் அலுவலகத்தில் அந்த அறைக்கான விளக்கு எரியும், 'என்ன வேண்டும்?' என்று கூரையிலிருந்து குரல் வரும். அதே ஒலிபெருக்கி மைக்காகவும் இயங்குவதால் ஆசிரியர் அண்ணாந்து பதில் சொல்வார். ஒரு மாணவன் வீட்டில் துக்கம் என்றால்கூட வகுப்பு முழுக்கக் கேட்கும்படிதான் பேச வேண்டும். ரிசீவர் வந்ததில் கிடைத்த பெரிய லாபம், காதோடு பேச முடிந்ததுதான்.

அறைக்கு ஒரு வெளி லைன் என்றால் எந்தப் பள்ளிக்கும் கட்டுப்படியாகாது. அதனால் உள்ளேயே ஓர் எக்ஸ்சேஞ்ச் வைத்து, சில வெளி லைன்களை எல்லா அறைகளும் பங்கிட்டுக்கொள்ளும். இப்போது அந்த இடத்தை இணையவழித் தொலைபேசி பிடித்துவருகிறது. கணினி கேபிள் ஒன்றிலேயே பேச்சும் வரும், போனுக்கான மின்சாரமும் வரும். சிக்கல், கரண்ட் போகும்போதுதான். தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சிலிருந்து நேரே வரும் பழைய செம்புக் கம்பியில் 48 வோல்ட் மின்சாரமும் சேர்ந்தே வந்துவிடும். புதிய போனோ யுபிஎஸ் தாங்கும் வரைதான் உயிரோடு இருக்கும்.

பாட வேளையில் போன் அடிப்பது ஆசிரியருக்குப் பெருந்தொல்லை. எனவே அந்த நேரத்தில் வெளி அழைப்புகளை வாய்ஸ்மெயிலுக்குத் திருப்பி, அலுவலக அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைப்பதுண்டு. மாலையில் பெற்றோரிடம் பேசச் சொந்த செல்பேசியை எடுப்பவர்கள் *67 போட்டுத் தம் எண்ணை மறைக்கலாம். ஆனால் எண் தெரியாத அழைப்பைப் பல பெற்றோர் எடுப்பதே இல்லை! கூகுள் வாய்ஸ் போல இரண்டாவது எண் தரும் செயலி இதைவிட மேல்.

உள்ளே வரும் அழைப்புக்குத் தடை போடலாம். வெளியே போகும் அவசர அழைப்புக்குக் கூடாது. இந்தப் பாடம் பள்ளியிலிருந்து வரவில்லை. 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில், விடுதி அறையொன்றில் ஒரு பெண் கணவரால் கொல்லப்பட்டார். அவருடைய 9 வயது மகள் அவசர உதவி எண்ணான 911-ஐ நான்கு முறை அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. வெளி லைனுக்கு முதலில் 9 அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. நம் அலுவலகங்களில் பூஜ்யம் போட்டு லைன் எடுப்பவர்களுக்கு இது புரியும். அந்தத் தாயின் பெயரால் 2018-இல் 'கேரி சட்டம்' நிறைவேறியது. 2020 பிப்ரவரி 16-க்குப் பின் நிறுவப்படும் இத்தகைய உள் எக்ஸ்சேஞ்ச் அமைப்புகளில் முன்னெண் இல்லாமலே 911 போக வேண்டும். அழைப்பு போனதை அலுவலகமும் அறிய வேண்டும்.

அதே 2018-இன் 'ரே பாம்' சட்டத்தையொட்டிய விதிகள், அழைப்பு எந்த முகவரியிலிருந்து, தேவைப்பட்டால் எந்த மாடி, எந்த அறையிலிருந்து வருகிறது என்பதையும் அனுப்பக் கோருகின்றன. இங்கேதான் கவனம் தப்புகிறது. 204-ஆம் அறைப் போனைக் கழற்றி 118-இல் மாட்டிவிட்டுப் பதிவேட்டைத் திருத்தாமல் விட்டால், ஆம்புலன்ஸ்காரர் மாடிக்குத்தான் ஓடுவார்.

பள்ளிக்குள் துப்பாக்கிச் சூடு நடக்கும்போதோ, சுவர் போன் வரை நடக்கவே முடியாமல் போகலாம். 2018-இல் பார்க்லேண்ட் நகரப் பள்ளியொன்றில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த மாணவியின் பெயரால் அமைந்த 'அலிசா சட்டம்', காவல்துறைக்கு நேரே தகவல் போகும் ஓசையற்ற அபாயப் பொத்தானைப் பள்ளிகளில் கட்டாயமாக்குகிறது. மாநிலங்களில் நியூஜெர்சிதான் 2019-இல் அதை முதலில் ஏற்றது. சில பள்ளிகளில் அந்தப் பொத்தான் ஆசிரியரின் கழுத்தில் தொங்கும் அட்டையிலேயே இருக்கிறது. 2024 செப்டம்பர் 4-இல் ஜார்ஜியாவின் அபலாச்சி உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது ஆசிரியர்கள் அழுத்தியது இதைத்தான். அட்டைகள் கைக்கு வந்து ஏறக்குறைய ஒரு வாரமே ஆகியிருந்தது.

அட்டை இடத்தைச் சொல்லும். எத்தனை பேருக்குக் காயம், கதவு பூட்டியிருக்கிறதா என்று சொல்லாது. அதற்குச் சுவர் போன்தான் வேண்டும். விளக்கணைத்து ஒளிந்திருக்கும் அறையில் அது மணி அடித்துவிடாதபடி, எல்லா அறைகளின் ஒலியையும் ஒரே இடத்திலிருந்து நிறுத்தும் வசதியும் வேண்டும்.