மாற்கு நற்செய்தியிற் காணும் வெகுளி

வெகுளி விலக்கத்தக்கது என்பது நம் அறநூலார் துணிபு. வள்ளுவர் வெகுளாமையைத் துறவறவியலில் 31-ஆம் அதிகாரமாக வைத்தார். தொல்காப்பியர் வெகுளியை மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக எண்ணி, உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் தீங்கு நான்கினின்றும் அது பிறக்கும் என்றார். அத்தீங்கு எவர்க்கு நேருங்கால் ஒருவன் வெகுள்கின்றான் என்பதைக் கொண்டு, அவன் நெஞ்சம் எவர்பாலது என அறியலாம். கிறித்தவ மறையில் இவ்வாராய்ச்சிக்குரிய இடம் ஒன்றுண்டு. அதனை ஈண்டு நோக்குவாம்.

மாற்கு நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத் தொடக்கத்தில், ஓய்வுநாளன்று தொழுகைக்கூடத்திற் சூம்பிய கையினன் ஒருவன் இருக்கின்றான். இயேசு பெருமான் அவனைக் குணமாக்கின் குற்றஞ் சாட்டலாம் எனச் சிலர் காத்திருக்கின்றனர். அவர்கள் அவனை மனிதனாகக் கண்டிலர். பொறியில் வைத்த இரையாகவே கண்டனர். ஓய்வுநாளிற் செய்யத்தக்கது நன்மையோ தீமையோ என்று பெருமான் வினவ, அவர்கள் வாய்திறந்திலர். அவர் சினந்தது அப்பொழுதே. எருசலேம் கோயிலினின்று வணிகரைத் துரத்திய நிகழ்ச்சியையே பலரும் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஆயின், ஆண்டுச் சினத்தைக் குறிக்கும் சொல்லே இல்லை. 'ஓர்கே' என்னும் கிரேக்கப் பெயர்ச்சொல் நற்செய்தி நான்கனுள்ளும் பெருமான்மேல் வைத்துக் கூறப்பட்டது சூம்பிய கையினன் பகுதியில் மட்டுமே.

சினத்தோடு நோக்கியதைக் குறிக்கும் எச்சம் ஒருகண நிகழ்ச்சியைச் சுட்டும் வடிவினது. உடன்வரும் துயரத்தைக் குறிக்கும் எச்சமோ தொடர்நிகழ்ச்சியைச் சுட்டுவது. சினம் கணத்தில் எழுந்தடங்க, துயரம் நிலைத்தது என்று கொள்ளலாம். அத்துயரமும் சினத்துக்கு இலக்கானோர்தம் நெஞ்சின் வன்மை குறித்தே எழுந்தது. பின்னர்ப் பெருமான் தாமே குற்றஞ் சாட்டப்பட்டு நின்றபொழுது, பொய்ச்சான்று கேட்டும் வாளா இருந்தார் என்று அதே மாற்கு உரைப்பதை இதனொடு வைத்து எண்ணுக.

இச்சினம் பின்வந்தோர்க்கு இடர்ப்பாடாயிற்றுப் போலும். இந்நிகழ்ச்சியைக் கூறும் மத்தேயுவும் லூக்காவும் சினத்தைக் கூறிலர். மாற்குவின் முதல் அதிகாரத்திற் பாடவேறுபாடே உண்டு. தொழுநோயாளனைக் கண்டு பெருமான் இரங்கினார் என்பது பெரும்பாலான படிகளின் பாடம். கேம்பிரிட்சிலுள்ள பேசா சுவடி சினந்தார் என்னும். இரக்கத்தைச் சினமாக மாற்ற எழுதுவோர் எளிதில் துணியார்; சினத்தை இரக்கமாக்குதல் எளிது. ஏடு பதிப்போர் நன்கறிந்த இந்நெறிப்படி, சான்று சிறிதேயாயினும், யாம் சினந்தார் என்பதையே பழம்பாடமாகக் கொள்கின்றோம். அச்சினம் நோயாளன் மேலதோ, அவனை மக்களினின்றும் பிரித்த நோயின் மேலதோ என மாற்கு விளக்கினாரல்லர். அச்சொல்லை அடுத்து அவர் கூறுவது, பெருமான் கைநீட்டி அந்நோயாளனைத் தொட்டார் என்பதே.