பழைய படங்களைத் தேடும் அன்ரெனாக்கள்

நீர்வேலியிலும் அயற்கிராமங்களிலும் இடம்பெயர்ந்து வாழும் குடும்பங்களிடமும், அண்மைக் காலத்தில் சொந்தக் காணிக்குத் திரும்பியவர்களிடமும் செல்லும்போது, விதை வெங்காயம், கிணறு இறைப்பு, கடன் ஆகியவற்றுக்கு அடுத்ததாக எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. முன்பு வெள்ளிக்கிழமை இரவுகளில் வந்த 'ஒளியும் ஒலியும்' இப்போது ஏன் வருவதில்லை? சிவாஜி, எம்.ஜி.ஆர். காலத்துப் படங்களை எதைப் பூட்டினால் பார்க்கலாம்? கேட்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். தோட்டத்தை விட்டுப் பிரிந்து, பகற்பொழுதைக் கழிக்க வழியின்றி இருக்கும் ஒருவருக்கு இது அற்பமான கேள்வியன்று. அதனைப் பயன்படுத்தி, மீள்குடியேற்ற உதவியாகக் கிடைத்த பணத்தில் ஒரு பங்கை டிஸ் விற்பவர்கள் வாங்கிச் சென்றுவிடுவதையும் காண்கிறோம். எனவே இதைச் சற்று விளக்கமாக எழுத வேண்டியிருக்கிறது.

இலங்கையில் ரூபவாகினி 1982 பெப்ரவரி 15-இல் ஆரம்பமானது. சென்னைத் தூர்தர்ஷனோ 1975 ஓகஸ்ட் 15-இலேயே தொடங்கிவிட்டது. எனவே குடாநாட்டு மக்கள் அன்ரெனாவைக் கொழும்புப் பக்கம் திருப்பாமல் கடற்பக்கம் திருப்பியதில் வியப்பில்லை. ஆனால் நீர்வேலியிலிருந்து சென்னை ஏறத்தாழ 370 கிலோமீற்றர், கொடைக்கானல் 290 கிலோமீற்றர். இவ்வளவு தூரத்திலிருந்து படம் எப்படி வந்தது?

தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்பவை. பூமியோ உருண்டை. ஆகவே ஒரு தூரத்திற்கு அப்பால் அலை எமது தலைக்கு மேலே போய்விடும். இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள். உங்கள் அன்ரெனாவின் உயரத்திற்கும் அவ்வாறே செய்து இரண்டையும் கூட்டுங்கள். வரும் விடைதான் அலை எட்டும் தூரம், கிலோமீற்றரில். கொடைக்கானல் மலை சுமார் 2100 மீற்றர் உயரம். 15 மீற்றர் குழாயில் அன்ரெனா கட்டினாலும் விடை 205 கிலோமீற்றரைத் தாண்டாது. எஞ்சிய 85 கிலோமீற்றரைக் கடக்க உதவியது கடல்தான். காற்று ஓய்ந்த வெப்பமான மாலைகளில் கடலை ஒட்டிய ஈரக்காற்றின் மேல் தரையிலிருந்து வரும் வெப்பமான வறண்ட காற்று ஒரு மூடியைப் போலப் படிந்துவிடும். அலை அந்த மூடிக்கும் நீருக்கும் இடையில், வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதுபோல, வளைந்து நெடுந்தூரம் செல்லும். நேற்றுத் துல்லியமாக வந்த படம் இன்று புள்ளிபுள்ளியாய்ப் போனதற்குக் காரணம் பெட்டியின் பழுதல்ல, அந்த மூடி கலைந்ததே. இதை அறியாமல் பெட்டியைத் திருத்துநரிடம் காவிச் சென்றவர்கள் எத்தனை பேர்!

பின்னாளில் இராமேஸ்வரத்தில் 323 மீற்றர் உயரமான கோபுரத்தைத் தூர்தர்ஷன் எழுப்பியபோது நிலைமை மாறியது. நீர்வேலியிலிருந்து அது தென்மேற்கே சுமார் 100 கிலோமீற்றர். மேற்சொன்ன கணக்கின்படி 20 மீற்றர் உயர அன்ரெனாவுக்கு 92 கிலோமீற்றர் வரை எட்டும். அதாவது எல்லையில் நிற்கிறது. இன்னுமொரு குழாய்த்துண்டு ஏற்றினால் படம் தெளிவதும் இறக்கினால் மங்குவதும் இதனாலேயே. வீட்டுக்கூரையை விட உயரமாக, கம்பி இழுத்துக் கட்டிய குழாய்கள் ஊரெங்கும் நின்றதன் நியாயமும் இதுதான். 'வயலும் வாழ்வும்' பார்த்துப் பயிர்ச்செய்கை பற்றி அறிந்துகொண்டவர்களும் எம்மிடையே உளர்.

அக்காலத்தில் எமது அரச அலைவரிசைகள் இங்கு ஒழுங்காக வராதிருந்ததற்கும் அதே கணக்குத்தான். பிதுருதலாகல மலை 2524 மீற்றர் உயரமானாலும் இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. அதனால் வடக்கிற்கென அமைக்கப்பட்ட கொக்காவில் கோபுரம் 1990-இல் போரில் அழிந்தது. அதே ஆண்டில் குடாநாட்டுக்கான மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டதும், மின்பிறப்பாக்கியை வாடகைக்கு எடுத்து விடியும்வரை வீடியோவிற் படம் பார்த்ததும் அக்காலத்துக் கதைகள். 1995 ஒக்டோபர் 30-இல் வலிகாமமே வெளியேறியபோது பலரது அன்ரெனாக் குழாய்கள் முற்றத்திலேயே நின்றுவிட்டன.

கொக்காவிலில் 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் 2011 ஜூனில் திறக்கப்பட்டது. நீர்வேலியிலிருந்து தென்கிழக்கே அறுபது கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான தூரம். கணக்கைப் போட்டுப் பாருங்கள், 15 மீற்றர் அன்ரெனாவுக்கு 70 கிலோமீற்றர் வரை எட்டும். ஆனால் இந்தியப் பக்கத்தில் நிலைமை தலைகீழாகிவிட்டது. எல்லைப்புற இடங்கள் சில தவிர, தனது அனலொக் ஒளிபரப்பிகளைத் தூர்தர்ஷன் 2022 மார்ச்சுக்குள் மூடிவிடத் தீர்மானித்தது. ஆகவே கடலைப் பார்த்து நிற்கும் பழைய அன்ரெனாவை எவ்வளவு உயர்த்தினாலும் அந்தப் பழைய படம் வரப்போவதில்லை. 'பூஸ்ரர் போட்டால் வரும்' என்று சொல்லி யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இல்லாத அலையைப் பூஸ்ரர் பெருக்காது.

இனிச் செய்மதி. தூர்தர்ஷனின் மாதக் கட்டணமில்லாச் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது. இப்போது அதன் பெயர் டிடி ஃப்ரீ டிஷ். ஜிசாட்-15 என்ற செய்மதியிலிருந்து வருகிறது. அச்செய்மதி பூமத்திய ரேகைக்கு மேலே, கிழக்கு நெட்டாங்கு 93.5 பாகையில் சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கிறது. இந்தியாவை நோக்கி விழும் கற்றை பாக்கு நீரிணையோடு நின்றுவிடுவதில்லை. நீர்வேலியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்கே, ஏறத்தாழ 70 பாகை உயரத்தில், அதாவது உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும். இது எமக்கு நல்லது. தாழ்வான திசையாயின் அயலவரின் தென்னையும் பனையும் மறைக்கும். இந்த உயரத்தில் வீட்டிற்கு மிக அருகில் நிற்கும் மரம் மட்டுமே தடை. உயர்ந்த குழாயும் தேவையில்லை. நிலத்திலேயே ஒரு சீமெந்துக் கட்டையில் பூட்டலாம். குழாய்க்கும் உயரத்திற்கும் தனித்தனியாகப் பணம் கேட்பவரிடம் இதைச் சொல்லுங்கள்.

இச்சேவையில் சென்னைத் தூர்தர்ஷனின் தமிழ் அலைவரிசை கிடைக்கும். 2000-ஆம் ஆண்டில் 'பொதிகை' எனப் பெயர் பெற்ற அதுவே 2024 ஜனவரியில் 'டிடி தமிழ்' ஆனது. பழைய பெயரைத் தேடி, காணவில்லை என்று முறையிடுபவர்கள் இதைக் கவனிக்க. பெட்டி வாங்கும்போது எம்பெக்-4 வகையா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பெட்டியில் சில அலைவரிசைகள் திறக்கமாட்டா. எந்தப் பெட்டியாயினும் இதில் தமிழ் குறைவு, ஹிந்தி அதிகம் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

முரசு, சன் லைஃப் போன்று பழைய படங்களுக்கும் பாடல்களுக்கும் பேர்போன அலைவரிசைகள் பொதுவாகக் கேபிள் வழியாகவோ கட்டணச் சேவை மூலமாகவோதான் எமது வீடுகளுக்கு வருகின்றன. இங்கேதான் ஏமாற்றம் நிகழ்கிறது. இந்தியாவில் விற்பதற்கென்றே உள்ள அட்டையை இங்கே ஒருவர் கொண்டுவந்து விற்பார். அங்கேயுள்ள யாரோ ஒருவரின் பெயரிலும் முகவரியிலும் அது பதியப்பட்டிருக்கும். நின்றுவிட்டால் முறையிட இடமில்லை. விற்றவரின் தொலைபேசியும் பெரும்பாலும் நின்றிருக்கும். ஒரு வருடக் கட்டணத்தை ஒரே தடவையில் கொடுக்காமல் மாதம் மாதமாகக் கட்டக்கூடியதைத் தெரிந்தெடுங்கள். பழைய படம் மட்டுமே பார்க்கும் முதியவருக்கு, பிள்ளைகளிடம் உள்ள கைத்தொலைபேசியில் இறக்கி ஒரு சிறு பென் டிரைவில் போட்டுக் கொடுப்பது எல்லாவற்றிலும் மலிவானது என்பது எமது கருத்து. ஆயினும் அட்டவணைப்படி தானாக வரும் படத்தைக் காத்திருந்து பார்ப்பதில் ஒரு சுவை உண்டு என்று பெரியவர்கள் சொல்வதை நாம் மறுக்கவில்லை.

டிஸ் வந்தபின் பழைய அன்ரெனாவைக் கழற்றி இரும்புக்கு விற்றுவிடுவது வழக்கமாகி வருகிறது. இதை நாம் ஏற்கவில்லை. செய்மதி அலை மிக நுண்ணியது. கனமழையின் துளிகள் அதை விழுங்கிவிடும். 2008 நவம்பரில் நிஷா புயல் குடாநாட்டை வெள்ளத்தில் ஆழ்த்தியதுபோன்ற ஒரு நாளில், எச்சரிக்கை அவசியமான அதே வேளையில்தான் டிஸ்சில் படம் உறைந்து நிற்கும். கொக்காவிலிலிருந்து வரும் அலையை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. அன்ரெனாவைத் தென்கிழக்கே திருப்பி வைத்திருங்கள். தகரக் கொட்டிலில் இருப்பவர்களுக்கு ஒரு பற்றரி வானொலி இதைவிடவும் நம்பத்தக்கது.

குழாயை நிமிர்த்தும்போது மின்கம்பியிலிருந்து, குழாயின் முழு நீளத்திற்கும் மேலான தூரம் விலகி நில்லுங்கள். அது சரிந்தாலும் கம்பியில் விழக்கூடாது. ஐப்பசி மழைக்கு முன் இழுவைக் கம்பிகளைச் சரிபார்த்து, குழாயின் அடியிலிருந்து தடித்த செப்புக் கம்பியொன்றை ஈரநிலத்தில் இறக்கிய இரும்புக் கோலுடன் இணையுங்கள். அது இருந்தாலும் இடி முழங்கத் தொடங்குமுன்பே அன்ரெனா வயரைப் பெட்டியிலிருந்து கழற்றிவிடுங்கள். வயர் இணைப்புகளை ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுங்கள். உப்புக்காற்றும் மழைநீரும் உள்ளே சென்றால் ஒரே மாரியில் செம்பு பச்சை பிடித்துவிடும்.