காடும் படைவீரனும்: கண்டிப் போர்கள் பற்றிய ஒரு நோக்கு

இன்று நுவரெலியா, ஹற்றன் மலைச்சரிவுகளிலே காண்பது தேயிலைப் பசுமை. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அங்கு நின்றது அடர்காடு. மத்திய மலைநாட்டின் இக்காடுகளே கண்டி இராச்சியத்தின் அரணாக விளங்கின. மலையகத்தின் பொருளாதார வரலாற்றை ஆராய்வோர் இக்காட்டுப் போர்களிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும்.

கண்டியர் வெட்டவெளிச் சமரைத் தவிர்த்தனர். பகைவரை உள்ளே வரவிட்டுத் தலைநகரையும் கைவிட்டு விலகினர். பின்னர் மரங்களை வீழ்த்திப் பாதைகளை மறித்து, உணவு வரும் வழியைத் துண்டித்தனர். 1803 பெப்ரவரியிற் கண்டியைக் கைப்பற்றிய பிரித்தானியப் படை, யூன் மாதத்திற் சரணடைந்தது. அப்போது ஐரோப்பிய வீரருட் பெரும்பாலோர் காய்ச்சலில் வீழ்ந்து கிடந்தனர். பின்வாங்கியோரிற் பலர் மகாவலிக் கரையிற் கொல்லப்பட்டனர். 1817–18 ஊவாக் கிளர்ச்சியிலும் துப்பாக்கியினும் நோயே கூடுதலான படைவீரரைப் பலிகொண்டது. காட்டை வெல்லவியலாத ஆட்சி, வீடுகளையும் வயல்களையும் எரித்து மக்களைப் பட்டினிக்குள்ளாக்கியது.

அப்படையில் ஆங்கிலேயர் மட்டுமன்றி மலாயரும் இந்தியச் சிப்பாய்களும் ஆபிரிக்கரும் இருந்தனர். அவர்களுக்கான அரிசியையும் வெடிமருந்தையும் சுமைகாவும் கூலிகள் ஒற்றையடிப் பாதையிற் காவிச் சென்றனர். அவர்கள் சிதறியோடினால் படை உணவிழக்கும். 1804இல் மட்டக்களப்பிலிருந்து கண்டிக்குப் படைநடத்திய கப்டன் ஜோன்ஸ்டன் தம் அனுபவத்தை 1810இல் நூலாக்கினார். சுமை காவியோரின் அனுபவத்தை எழுதுவாரில்லை.

இவ்வனுபவத்தின் விளைவே பாதைகள். தேசாதிபதி எட்வேர்ட் பார்ண்ஸ் (1824–31) இராசகாரியக் கட்டாய உழைப்பைக் கொண்டு கொழும்பு–கண்டிப் பாதையை அமைத்தார். ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள நுவரெலியாவை நோயுற்ற படையினரின் நலம்பேணும் இடமாக்கினார். படைக்கென அமைந்த பாதை, பின்னர் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுசென்றது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளை அரசுடைமையாகக் கொண்டது. தோட்டத்துரைமார் அவற்றை வாங்கினர்.

படைகளால் வெல்லவியலாத காட்டை இறுதியில் வீழ்த்தியது கோடரியே. அதனை ஏந்தியோருள் தமிழகத்திலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த தொழிலாளரும் இருந்தனர். சிப்பாயை மாய்த்த அதே காட்டு வழி, காய்ச்சலாலும் பசியாலும் அவர்களையும் மாய்த்தது. கண்டியிலுள்ள பிரித்தானியப் படையினரின் இடுகாட்டிற் பெயர் பொறித்த கற்கள் இன்றுமுள. வழியில் மடிந்த தொழிலாளருக்கு அத்தகைய கற்கள் இல்லை. எனவே, காட்டுப் போரின் வரலாறு 1818உடன் முடிந்துவிடவில்லை எனக் கொள்வதே பொருந்தும்.