ஆயிரம் பரிமாணத்தில் ஒரு நடை

சனிப்பெயர்ச்சிக்குத் திருநள்ளாறு வந்து நள தீர்த்தத்தில் முழுகி எழும் கூட்டத்தில் பலர் பையில் ஜாதகம் இருக்கும். கணக்குக்காரர் அதை வேறு மாதிரி படிப்பார். ஒன்பது கிரகம், ஒவ்வொன்றும் நிற்கும் பாகை ஓர் எண். ராகுவும் கேதுவும் எப்போதும் நேரெதிர் என்பதால் அதில் ஒன்று தள்ளுபடி. லக்னத்தைச் சேர்த்தால் மறுபடி ஒன்பது. ஆக, ஒரு ஜாதகம் என்பது ஒன்பது பரிமாண வெளியில் ஒரு புள்ளி. பலன் பலிக்குமா என்பது வேறு கதை.

பல பரிமாணம் என்றால் இவ்வளவுதான்: ஒரு பொருளைச் சொல்ல எத்தனை எண் வேண்டுமோ அத்தனை பரிமாணம். நூறுக்கு நூறு புள்ளி உள்ள கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் பத்தாயிரம். அந்த உயரத்தில் நம் கண்பழக்கம் எதுவும் செல்லாது. ஓர் உருண்டையை எல்லாப் பக்கமும் ஒரு சதவீதம் சுருக்கினால், மூன்று பரிமாணத்தில் கனஅளவில் 97 சதவீதம் மிஞ்சும். ஆயிரம் பரிமாணத்தில் மிஞ்சுவது லட்சத்தில் நாலு பங்கு. முழுத் தேங்காயை உரித்துக்கொண்டே போனால் மட்டையிலேயே காய் தீர்ந்துவிடுகிற மாதிரி. பருப்பு என்று ஒன்று கிடையாது.

இந்த வெளியில் கணிதர்கள் பிரியமாக ஆராய்வது குவிவான உருவங்களை. உள்ளே எந்த இரண்டு புள்ளியை நேர்கோட்டால் இணைத்தாலும் கோடு வெளியே போகக் கூடாது, அதுதான் நிபந்தனை. செங்கல் குவிவானது, பிறை அப்படி இல்லை. இவ்வளவு சாதுவான உருவத்தின் கனஅளவைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஒரு புள்ளியைக் காட்டி ‘இது உள்ளேயா, வெளியேயா’ என்று மட்டும் கேட்கலாம் என்று வைத்துக்கொள்வோம். சீட்டுக் குலுக்காமல், நிச்சயமான படிகளில் போகும் எந்த முறையும் நியாயமான நேரத்தில் விடைக்குப் பக்கத்தில்கூட வராது என்று 1980-களில் ஹங்கேரியக் கணிதர்கள் நிரூபித்துவிட்டார்கள்.

சரி, குருட்டாம்போக்கில் புள்ளிகளை வீசி எண்ணலாமே? இருபது பரிமாணக் கனசதுரத்துக்குள் கச்சிதமாகப் பொருந்தும் உருண்டையை எடுங்கள். கனசதுரத்துக்குள் சுமார் நாலு கோடி முறை வீசினால் ஒன்று உருண்டையில் விழும்.

முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த ரவி கண்ணன். ஐஐடி பம்பாயில் படித்து, கார்னெலில் முனைவர் பட்டம் வாங்கியவர். மார்ட்டின் டயர், ஆலன் ஃப்ரீஸ் இருவரோடு சேர்ந்து 1989-இல் ஒரு வழி சொன்னார். சின்ன உருண்டையில் தொடங்கி, படிப்படியாகப் பெரிதாகும் உருவங்களின் வரிசையை அமைப்பது. ஒவ்வொன்றுக்குள்ளும் இலக்கில்லாமல் நடந்து, அடுத்தடுத்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தை மட்டும் மதிப்பிடுவது. கடைசியில் எல்லாவற்றையும் பெருக்குவது. தற்செயலை நம்பினால்தான் விடை கிடைக்கும் என்பது எனக்கு இன்னும் வியப்பு. அந்த முதல் முறைக்கு ஆகும் வேலை, பரிமாண எண்ணின் 23-ஆம் அடுக்கு அளவில் இருந்தது. பத்துப் பரிமாணத்துக்கே ஒன்றுக்குப் பின்னால் 23 சுழியம். பிறகு கணிதர் லோவாஸும் சந்தோஷ் வெம்பாலாவும் அதை நான்காம் அடுக்குக்கு இறக்கினார்கள்.

நடை எவ்வளவு சீக்கிரம் உருவம் முழுக்கப் பரவும்? நடுவே குறுகலான கழுத்து இருந்தால் நடப்பவர் ஒரு பக்கத்திலேயே சிக்கிக்கொள்வார். குவிவான உருவத்தில் மிக மோசமான கழுத்தை நேரான ஒரு வெட்டே ஏறக்குறைய காட்டிவிடும், பரிமாணம் எவ்வளவு கூடினாலும் பிழை ஒரு மாறிலியைத் தாண்டாது என்று 1995-இல் கண்ணன், லோவாஸ், ஷிமோனோவிட்ஸ் மூவரும் ஊகித்தார்கள். துறைக்காரர்கள் அதை கே.எல்.எஸ். என்பார்கள்.

2020-இல் பெர்க்லியின் சைமன்ஸ் கழகம் உயர் பரிமாண வடிவியலுக்கும் நிகழ்தகவுக்கும் ஒரு பருவத்தையே ஒதுக்கியது. கரும்பலகை முன்னால் கூடி வாதாடியே வளர்ந்த துறை, கொரோனாவால் கணினித் திரைக்குப் போயிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் யுவான்சி சென் என்ற இளம் புள்ளியியலாளர், ரோனன் எல்டான் உருவாக்கிய உத்தியைக் கையில் எடுத்து, ஊகத்துக்கு மிக அருகில் போய்விட்டார். அங்கிருந்து கதவுகள் மளமளவென்று திறந்தன. கனஅளவு ஒன்றாக உள்ள குவிவான உருவத்தை எங்கோ ஓரிடத்தில் வெட்டினால், வெட்டுமுகம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் குறையாமல் இருக்குமா என்று 1980-களில் கணிதர் பூர்கெய்ன் கேட்ட கேள்விக்கு, 2024 டிசம்பரில் கிளார்டாக், லெஹெக் என்ற இருவர், குவான் என்பவர் தந்த ஒரு படியைப் பிடித்து, ‘ஆம்’ என்று நிரூபித்தார்கள். கே.எல்.எஸ். ஊகம் மட்டும் முழுதாக நிரூபணமாகாமல் ஒரு மயிரிழையில் நிற்கிறது.

மறுபடி திருநள்ளாறு இருக்கும் காரைக்கால் பக்கம் வருவோம். திருவேட்டக்குடியில் என்.ஐ.டி. இருக்கிறது, சுற்றிலும் டெல்டா முழுக்கப் பொறியியல் கல்லூரிகள். ‘டேட்டா சயின்ஸ்’ பலகை மாட்டாத கல்லூரி அபூர்வம். பல இடங்களில் இந்தக் கணிதத்தைத் தொடாமல், மென்பொருள் கட்டளைகளைச் சொல்லித் தருவதோடு பாடம் முடிந்துவிடுகிறது என்பது என் ஆதங்கம். அவ்ரிம் பிளம், ஜான் ஹாப்கிராஃப்ட் இருவருடன் கண்ணன் எழுதிய டேட்டா சயின்ஸ் பாடநூலின் வரைவு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. முன்னுரைக்கு அடுத்த அத்தியாயமே உயர் பரிமாண வெளி பற்றியது. ஆரம் ஒன்றாக உள்ள உருண்டையின் கனஅளவு ஐந்து பரிமாணத்தில் 5.26 என்று உச்சம் தொட்டு, ஆறிலிருந்து சரிந்து, கடைசியில் சுழியத்தை நெருங்குவதை ஒரு மாணவர் அங்கே பேப்பரிலேயே போட்டுப் பார்த்துவிடலாம்.